இரண்டு மணி நாற்பது நிமிடப் பொய்

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுத் தண்ணீர்ப் பைப்பை முழுசாகத் திறந்துவிட்டிருக்கிறேன். கௌசி அக்கா போனை எடுக்கவில்லை. இது பதினோராவது தடவை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. உள்ளே போகும்போது போனை லொக்கரில் வைத்தால் காலை ஏழு மணிக்குத்தான் எடுப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே ஹோலில் கிளிபோட் அத்தான் நடக்கிறார். என் அக்கா அன்ரனெற்றின் புருசன். கதவுவரை வருகிறார், நிற்கிறார், திரும்பிப் போகிறார். சப்பாத்துப் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்குள் ஒருவரும் சப்பாத்துப் போடுவதில்லை.

ரொறன்ரோ, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாவது மாடி. இந்தக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. என் மடியில் ரப்லெற் கணினி இருக்கிறது. அதில் நான் பார்த்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு வராது. முதலிலிருந்து சொல்கிறேன். வெட்கத்தோடு சொல்கிறேன். ஏனென்றால் இன்று மத்தியானம் மூன்று மணிவரைக்கும், ரொறன்ரோவில் மூளை உள்ளவர்கள் இரண்டே பேர் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவர் எமில்டா அன்ரி. மற்றது நான்.

எமில்டா அன்ரி துப்பறிவாளர். பார்க்டேலில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே அவருடைய ஒற்றை அறை. அதற்கு முன் பத்தொன்பது வருடம் பியர்சன் விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகளைத் தேடிப் பிடிக்கும் மேசையில் இருந்தவர். "பெட்டியை விட மனிசனைப் பிடிக்கிறது லேசு. பெட்டி பொய் சொல்லாது, அதால துப்பும் கிடையாது," என்பார். இப்போது அவரிடம் வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஏற்கெனவே எங்காவது ஒரு பெண்சாதி இருக்கிறாளா என்று பார்த்துச் சொல்வது. நான் சனிக்கிழமைகளில் போவேன். பைல் அடுக்குவது என் வேலை. வாய் காட்டுவது என் பொழுதுபோக்கு.

கிளிபோட் அத்தானை மட்டும் அம்மா விசாரிக்கவில்லை. சுவிசில் பேர்ண், நல்ல வேலை, ஞாயிறு தவறாமல் சேர்ச்சில் பூசை. போதும் என்றுவிட்டார். ஒன்றரை வருடத்துக்கு முன் அக்கா அங்கே போனாள். மூன்று கிழமைக்கு முன் காணாமல் போனாள். வியாழக்கிழமை அத்தான் ரொறன்ரோவுக்கு வந்து எங்கள் சோபாவில் இருந்து அழுதார். அக்கா கடைசியாக அனுப்பியது என்று தன் போனில் ஒரு மெசேஜைக் காட்டினார். அவருக்கு மட்டும் வந்த மெசேஜ். அதற்குப் பிறகு அவளுடைய போன் நின்றுபோய்விட்டதாம்.

இன்று காலை அந்த மெசேஜை எமில்டா அன்ரியின் மேசையில் வைத்தேன்.

'நோர்வேயில ஓலெசுண்டுக்கு வந்திட்டன். பேர்ணில இருந்து 1,742 கிலோமீற்றர். 2 மணி 40 நிமிசத்தில வந்து இறங்கிட்டன். தெரிஞ்ச ஆக்களோட நிக்கிறன். என்னைத் தேட வேண்டாம்.'

அன்ரி கண்ணாடியை மூக்கில் இறக்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்ர கொக்கா பிளைற்றில போனவவோ, இல்லாட்டிப் பீரங்கியில வைச்சுச் சுட்டவையோ?"

"ஏன் அன்ரி?"

"பேர்ண் எயார்ப்போட் சின்னது பிள்ளை. வெயில் காலத்தில கடலில குளிக்கப் போற சனம்தான் அங்க முக்கால்வாசி. மாசி மாசம் அங்கயிருந்து ஓலெசுண்டுக்கு நேர போற பிளைற் எண்டு ஒண்டு இல்லை. ரெயினில சூரிச்சுக்குப் போகவேணும். அங்கயிருந்து அம்ஸ்ரர்டாம், இல்லாட்டிக் கோப்பன்ஹேகன், இல்லாட்டி ஒஸ்லோ. அங்க இருந்து காஞ்சு, பிறகு ஒரு சின்ன பிளைற். விடிய வெளிக்கிட்டாப் பின்னேரம் போய்ச் சேரலாம். பெட்டி அடுத்த நாள் வரும். எத்தினை பெட்டியை உந்தப் பக்கமாத் தேடினனான்!"

"அப்ப இந்த ரெண்டு மணி நாப்பது நிமிசம் எங்கயிருந்து வந்தது?"

"உன்ர கையில இருக்கிறது என்ன, சவர்க்காரமோ? தட்டிப் பார்."

போனில் தட்டினேன். பேர்ண், ஓலெசுண்ட், தூரம். முதலில் வந்த பக்கமே சொன்னது: 1,742 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 2 மணி 40 நிமிடம். ஒரு இலக்கம் பிசகவில்லை. பக்கத்தின் அடியில், எறும்பு வாசிக்கிற அளவு எழுத்தில், இது நேர்கோட்டுத் தூரம், சராசரி வேகத்தில் போட்ட கணக்கு, இந்த வழியில் விமானம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "சீரியஸா? வரைபடத்தில அடிமட்டத்தை வைச்சு அளந்திட்டு, அதில ஏறி வந்தனான் எண்டு எழுதியிருக்கு!"

"அடிமட்டத்துக்கு ஜன்னல் சீற் குடுத்தவையோ எண்டு கேள்," என்றார் அன்ரி. அவருடைய உதடு ஒரு பக்கமாகக் கோணியது. மடையர்களைக் கண்டால் அன்ரிக்கு அப்படித்தான் கோணும். "பிள்ளை, உண்மையாப் போய் வந்த சனம் கிலோமீற்றர் சொல்லாது. கால் வீங்கினதைச் சொல்லும். செக்கிங்கில மிளகாய்த்தூளைப் பறிச்சதைச் சொல்லும். பக்கத்துச் சீற்றில இருந்தவன் குறட்டை விட்டதைச் சொல்லும். கிலோமீற்றர் சொல்லுறது கதிரையை விட்டு அசையாத ஆள். உதை எழுதினது ஒரு சோம்பேறி முட்டாள்."

நானும் ஓமென்று தலையாட்டினேன். அக்கா அப்படித் தனியாக ஓடக்கூடியவள் இல்லை என்று வேறு நானே எடுத்துக்கொடுத்தேன். பத்து வருடம் இந்த நகரத்தில் இருந்தும் சப்வேயில் எந்தப் பக்கம் வடக்கு என்று தெரியாதவள். டென்ரிஸ்ற்றிடம் போவதென்றாலும் எத்தனை கிலோமீற்றர், எத்தனை நிமிடம் என்று பார்த்து உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போகிறவள். வியர்த்து அழிந்துவிட்டால் எனக்கு போன் அடிப்பாள். நான் அதை நண்பிகளிடம் சொல்லிச் சிரிப்பேன். அதே போலத்தான் அன்ரியிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அன்ரி சிரிக்கவில்லை. "உறுதிப்படுத்துவம்," என்றார். "ஒஸ்லோவில உங்கட சொந்தம் ஆரும் இருக்கினமோ?"

"றீற்றா மாமி."

"அம்ஸ்ரர்டாம்? கோப்பன்ஹேகன்?"

"இருக்கினம் அன்ரி. எங்கதான் இல்லை?"

"ஸ்பீக்கரில போடு."

அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சனத்தில் ஒருவர் எந்த ஊரிலாவது விமானம் மாறுகிறார் என்றால், அந்த ஊரில் இருக்கும் சொந்தம் சாப்பாட்டுப் பார்சலோடு வாசலில் வந்து நிற்கும். இரண்டு மணி நேரம்தான் இடைவெளி என்றாலும் வரும். சொல்லாமல் கடந்து போனால் அடுத்த கலியாண வீடுவரை கதைபேச்சு இருக்காது. எந்த விமானக் கம்பனியிடமும் இல்லாத பயணிகள் பட்டியல் எங்கள் மாமிமாரிடம் இருக்கிறது.

"மாமி, நான் ஜெசி. ரொறன்ரோவில இருந்து. அன்ரா அக்கா போன மாசம் ஒஸ்லோவால போனவவோ?"

"ஆர், அன்ரனெற்றோ?" மாமியின் குரல் அங்கேயே ஏறியது. "என்ர ஊரால போய் என்ர வீட்டை எட்டிப் பாக்காமப் போனவளோ?"

"இல்லை மாமி, போனவவோ எண்டுதான் கேக்கிறன்."

"போனவளோ இல்லையோ, வடிவாச் சொல்லு! போன வரியம் உன்ர பெரியப்பா நாலு மணித்தியாலம் இஞ்ச நிண்டவர். தேர்மோஸில ஒடியல் கூழ் கொண்டு போய், அந்தாளை வெளியால கூப்பிட்டுக் குடிக்க வைச்சு அனுப்பினனான். என்னை என்னெண்டு நினைச்சவள்? குடு போனைக் கொம்மாட்ட!"

"மாமி, உங்களுக்கு ஒரு கோலும் வரேல்லை?"

"வந்தா நான் ஏனடி இப்பிடிக் கத்துறன்?"

மற்ற இரண்டு வீடுகளிலும் இதே கதைதான், கூழ் மட்டும் இல்லை. அரை மணி நேரத்தில் மூன்று நாட்டுச் சொந்தங்களோடு எங்கள் குடும்பம் பகையாகிவிட்டது. ஆனால் விடை கிடைத்துவிட்டது. அக்கா அந்த வழியால் போகவே இல்லை.

அன்ரி பேனாவை மூடினார். "அப்ப உந்த மெசேஜ் பொய். வந்தது அவவின்ர போனில இருந்து. காட்டினது ஆர்? புருசன். வேற ஒருத்தருக்கும் வரேல்லை. எழுதினது ஆர் எண்டு நினைக்கிறாய்?"

என் சிரிப்பு அப்போதுதான் நின்றது. "அப்ப அக்கா எங்க, அன்ரி?"

அவர் அத்தானுக்கு போன் எடுத்து மூன்று மணிக்கு வரச் சொன்னார்.

அத்தான் மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்தார். வாடகைக் காரை எதிரே நிறுத்திவிட்டு, சப்பாத்தில் இருந்த ஸ்னோவை வாசலிலேயே தட்டிவிட்டு, சொக்லேற் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். விமான நிலைய விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அன்ரி அதை ஏதோ செத்த எலியைப் போல மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"இரும் தம்பி. உம்மட மனிசியின்ர பாஸ்போட் எங்க?"

"என்னட்டத்தான் அன்ரி. அலுமாரியில பூட்டி வைச்சிருக்கிறன். அவ எதையும் துலைச்சுப் போடுவா."

"பாஸ்போட் இல்லாம நோர்வேக்குப் போனவவோ?"

"சுவிசில இருந்து நோர்வேக்கு எல்லையில ஒருத்தரும் பாஸ்போட் பாக்கிறேல்லை. சுவிஸ் வதிவிடக் காட் போதும். அதுதானே அங்க போயிருக்கிறா." அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "நான் நாளைக்கு ஓலெசுண்டுக்கு வெளிக்கிடுறன். ரிக்கற்றும் எடுத்திட்டன். ஒரு வீடு விடாமத் தட்டி, அவவைக் கண்டுபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவன்."

அன்ரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியும்: ஆள் தப்பி ஓடப் பார்க்கிறான். அவர் வாயைத் திறக்க முதல் நான் எழும்பிவிட்டேன். என்னால் பொறுக்க முடியவில்லை. என் அக்காவை ஏதோ செய்துவிட்டு, அதை மறைக்க ஒரு இணையப் பக்கத்தைப் பார்த்துக் கொப்பியடித்த முட்டாள் என் முன்னால் இருந்து மூக்குச் சீறுகிறான். அவன் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அவனுக்கே காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

காட்டினேன். ஒன்றையும் விடவில்லை. பேர்ணிலிருந்து விமானம் இல்லை என்றேன். இணையப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து அடியில் இருந்த எறும்பெழுத்தை வாசித்தேன். ஒஸ்லோ மாமி, அம்ஸ்ரர்டாம் சித்தப்பா, கோப்பன்ஹேகன் அன்ரி என்று வரிசையாகச் சொன்னேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

"அக்கா அந்த பிளைற்றில போகேல்லை, அத்தான். ஏனெண்டா அப்பிடி ஒரு பிளைற்றே இல்லை. ஒரு பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சமாவது மினக்கெடவேணும். உதை எழுதினது நீங்கள்!"

அவர் முகம் வெளிறும் என்று காத்திருந்தேன். வெளிறவில்லை. தன் போனை எடுத்து அந்த மெசேஜைத் திறந்து, புதிதாக வந்த கடிதம் போல ஆறுதலாக வாசித்தார். கைக்குட்டையை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். கண்ணில் ஈரம் இருந்த இடமே தெரியவில்லை.

"அப்ப அவ நோர்வேயில இல்லை," என்றார்.

கீழே குயின் வீதியில் ஸ்ரீற்கார் மணியடித்துக்கொண்டு போனது.

"நான் உதை யோசிக்கவே இல்லை, ஜெசி. நாளைக்கு ஓலெசுண்டில போய் நிண்டு மாசக்கணக்கா மடையன் மாதிரிக் கதவு தட்டியிருப்பன்." அவர் விரலால் மேசையில் தட்டினார். "பேர்ணில கனடா எம்பசி இருக்கு. எங்கட வீட்டில இருந்து ட்ராமில எட்டு நிமிசம். பாஸ்போட் துலைஞ்சிட்டுது எண்டு சொன்னாப் புதுசு குடுப்பினம். நோர்வேக்குப் போறதுக்குப் பாஸ்போட் தேவையில்லை. அப்ப எங்க போறதுக்குத் தேவை?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். மெய்யான சந்தோசத்தோடு சிரித்தார்.

"நல்ல கெட்டிக்காரி. உன்ர கொக்காவுக்கு உந்த மூளை இல்லை."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவர் ஒரு தடவைகூட, அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. கொன்றவன் என்றால் நடித்திருப்பான். பாசம் உள்ளவன் என்றால் பதறியிருப்பான். இவர் இரண்டும் செய்யவில்லை. கைநழுவிப் போன ஒரு பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் போல எழும்பிப் போனார்.

எமில்டா அன்ரி சொக்லேற் பெட்டியைத் தூக்கிக் குப்பைக் கூடைக்குள் போட்டார்.

"பிள்ளை, நாங்கள் பெரிய பிழை விட்டிட்டம். உதை அவன் எழுதேல்லை. அவனுக்காக எழுதினது."

"ஆர்?"

"ஆரெண்டு நீதான் காலமை எனக்குச் சொன்னனீ. நான்தான் காதில விழுத்தேல்லை. கிலோமீற்றர் எழுதிக்கொண்டு போற ஆள் ஆர் உங்கட வீட்டில?"

உள்ளங்கை. நீலப் பேனா. வியர்த்து அழிந்த இலக்கங்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் அக்கா அம்மாவுக்கு போன் எடுத்தாள். "அம்மா, நான் அங்க வரட்டோ?" என்று கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. குடும்பமென்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், அவர் நல்ல பிள்ளை, சமாளி என்றார் அம்மா. போனை என்னிடம் தந்தார். "நீ தனிய வாறதோ? முதல் ட்ராம் ஏறப் பழகு, பிறகு பிளைற் ஏறலாம்," என்றேன் நான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டாள்.

அதனால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ட்ராம் ஏறினாள். எம்பசிக்குப் போனாள். பாஸ்போட் எடுத்தாள். தான் கனடாவுக்கு வரும் திசைக்கு நேர் எதிர்த் திசையை யோசித்து, பாஸ்போட் இல்லாதவள் போகக்கூடிய ஊராகத் தேடி, தூரமும் நேரமும் பார்த்து எழுதி அனுப்பினாள். இடையில் ஒஸ்லோ ஒன்று இருக்கிறது, அங்கே மாமி ஒருத்தி இருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்? தானாக வழி கண்டுபிடித்து ஒரு இடத்துக்கும் போனதில்லையே. அவள் தன் வாழ்க்கையில் சொன்ன ஒரேயொரு நல்ல பொய் அது. அவன் அதை நம்பினான். ரிக்கற்றும் எடுத்தான். இன்னும் ஒரு இரவு போயிருந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் போயிருப்பான். சோம்பேறி முட்டாள் எழுதியது என்று நாங்கள் இரண்டு கெட்டிக்காரிகளும் சிரித்துச் சிரித்து அதைக் கிழித்து, துண்டுகளை அவன் கையிலேயே கொடுத்தோம்.

"வீட்டை போ," என்றார் அன்ரி. "முகத்தில ஒண்டையும் காட்டாதை. நான் பொலிசோட கதைக்கிறன். அவனுக்கு முதல் அவளை நாங்கள் கண்டுபிடிக்கவேணும்."

வீட்டுக்கு வந்தபோது அத்தான் எங்கள் சோபாவில் இருந்தார். மடியில் ரப்லெற். பக்கத்தில் அம்மா நண்டுக்கறியோடு நின்றார்.

"பயண ரிக்கற்றை மாத்தவேணும், மாமி. என்ர போன் சின்னன், கண் பிடிக்குதில்லை. நான் இன்னும் ரெண்டு கிழமை இஞ்ச நிண்டாப் பிரச்சினை இல்லைத்தானே?"

"என்ன தம்பி உப்பிடிக் கேக்கிறியள்? இது உங்கட வீடு," என்றார் அம்மா. "ஜெசி, அத்தானுக்குச் சோடா எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். சோடா அவர் வெறுங்காலில் சிந்தியது. அவர் கோபிக்கவில்லை. ரப்லெற்றிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. ஒரு ரிக்கற்றை மாற்ற எவ்வளவு நேரம் வேண்டும்? ஆறு மணிக்கு எடுத்தவர் ஒன்பதரைக்குத்தான் கீழே வைத்தார். அம்மா மாத்திரை போட்டுவிட்டுப் படுக்கப் போனார். அத்தான் கை கழுவக் குசினிக்குள் போனார். நான் அதைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தேன்.

அது அக்காவின் பழைய ரப்லெற். அம்மா அதில் பூசை பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அதனால் இன்றைக்கும் அது அக்காவின் பெயரில்தான் திறந்து கிடக்கிறது. எந்தப் போனிலிருந்தாவது அவள் தன் பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அது இங்கேயும் வந்து பதிந்துவிடும்.

பதிந்திருந்தது. மூன்று கிழமைக்கு முன்: பேர்ண், ஓலெசுண்ட், தூரம். அதற்குக் கீழே பேர்ண் கனடா எம்பசி திறந்திருக்கும் நேரம். பிறகு ஐந்து நாள் ஒன்றுமில்லை. பிறகு, ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான றிச்மண்ட் ஹில்லின் பஸ் நேரங்கள். ஒவ்வொரு நாளும் பேவியூ பிள்ளையார் கோயிலடி பஸ் நிறுத்தத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர், எத்தனை நிமிடம்.

கௌசி அக்கா அக்காவோடு படித்தவள். றிச்மண்ட் ஹில்லில், கோயிலுக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ற்றில் இருக்கிறாள். எங்கள் வேதக்காரச் சனம் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம். வழி தெரியாதவள் எவ்வளவு வடிவாக இடம் பார்த்திருக்கிறாள்!

பஸ் நேரப் பக்கம் கடைசியாகத் திறக்கப்பட்டது இன்று இரவு 9.10க்கு. 9.10க்கு ரப்லெற் யாருடைய மடியில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

எமில்டா அன்ரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. 'பொலிஸ் லைனில நிக்குது. வீட்டு விலாசம் என்ன? றோட்டுப் பேராவது?'

எனக்குத் தெரியாது. ஒரு தடவை போயிருக்கிறேன், கௌசி அக்காவின் பிறந்தநாளுக்கு. காரின் பின்சீற்றில் இருந்து முழு வழியும் போனையே பார்த்துக்கொண்டு போனேன். பேஸ்மென்ற் ஜன்னலால் ஸ்னோவுக்கு மேலே கோபுரத்தின் உச்சி தெரிந்தது. அவ்வளவுதான் ஞாபகம். அக்காவாக இருந்தால் இலக்கத்தைக் கையில் எழுதியிருப்பாள்.

பன்னிரண்டாவது தடவை கௌசி அக்காவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

ஹோலில் நடை நின்றுவிட்டது. கதவுக்கு அடியில் சப்பாத்து நிழல் இரண்டு. பிறகு மெதுவாக இரண்டு தட்டு.

"ஜெசி, ரப்லெற் உன்னட்டயோ?"

நான் தண்ணீரை நிறுத்தவில்லை.

"பரவாயில்லை, வைச்சிரு. நான் பாத்து முடிச்சிட்டன்." கதவுக்கு அந்தப் பக்கம் கார்ச் சாவி குலுங்கியது. "ஒண்டே ஒண்டு கேக்கவேணும். இணையத்தில போட்டிருக்கிறதை அப்பிடியே நம்பக்கூடாதெண்டு நீதானே இண்டைக்குப் படிப்பிச்சனீ. அதால உன்னட்டயே கேக்கிறன். இஞ்சயிருந்து றிச்மண்ட் ஹில்லுக்கு மெய்யா எத்தினை கிலோமீற்றர்? இப்ப வெளிக்கிட்டா எவ்வளவு நேரத்தில போய்ச் சேரலாம்?"